பின்தங்கிய மாணாக்கரும் அயற் பாடசாலையும்

பாடசாலை யாருக்கு உரியது? இவ்வினாவை எழுப்பினால், 'எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது' என்ற விடையே எவரிடமிருந்தும் வரும். பரிசளிப்பு விழா மேடைகளில் அவ்விடையையே நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றோம். ஆயின், ஒரு குறிப்பிட்ட பிள்ளையை ஒரு குறிப்பிட்ட பாடசாலையின் படலைக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தி, அதே வினாவை மீண்டும் எழுப்பும்போது விடை மாறிவிடுகின்றது. அம்மாற்றத்துக்குக் கூறப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடபுலத்துச் சிறு பட்டினமொன்றின் ஆரம்பப் பாடசாலையில் நடைபெற்ற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. அக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட யோசனை எளிமையானது. அயலிலுள்ள 11 வயது முதல் 15 வயது வரையான பிள்ளைகளுள், வாசிக்கவும் எழுதவும் கணிக்கவும் இடர்ப்படுவோரும் பள்ளிக்கு வராது நின்றுவிட்டோருமான ஏறத்தாழ இருபது பேருக்கு ஒரு மாற்றுக் கற்கைத் திட்டத்தை நடத்துதல். மாணவர் தொகை குறைந்தமையால் அப்பாடசாலையில் வெறுமையாய்க் கிடக்கும் இரண்டு வகுப்பறைகளை அதற்கு ஒதுக்குதல். இவ்வளவே யோசனை. ஓரிருவர் தவிர்ந்த ஏனையோர் யாவரும் அதனை எதிர்த்தனர். எதிர்த்தவர்கள் கல்வியின் பகைவர்கள் அல்லர். அவர்களுள் ஆசிரியர்கள் இருந்தனர். வங்கி உத்தியோகத்தர் இருந்தார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் இருந்தார். 'திட்டம் நல்லதுதான், ஆனால் இங்கே வேண்டாம்' என்பதே அனைவரினதும் கருத்தின் சாரம். ஈற்றில், சந்தைக்கு அண்மையிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் பழைய களஞ்சியம் பொருத்தமான இடமாகச் சிபார்சு செய்யப்பட்டது. நெல் மூடைகளுக்குக்கூட ஒவ்வாதென்று கைவிடப்பட்ட கட்டடம், பிள்ளைகளுக்கு ஒத்ததாயிற்று!

இப்பிள்ளைகள் யார்? இவர்கள் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் அல்லர். அக்கூட்டம் நிகழ்ந்த இடத்துக்குச் சற்றுத் தொலைவிலுள்ள சைக்கிள் திருத்துமிடத்தில் வேலைசெய்யும் சிறுவன் ஒருவனை நான் அறிவேன். மாற்றிய உதிரிப் பாகங்களின் விலைகளையும் கூலியையும் மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். ஆனால், தான் வேலைசெய்யும் கடையின் பெயர்ப் பலகையை அவனால் வாசிக்க முடியாது. அவன் அதே ஆரம்பப் பாடசாலையில் ஐந்து ஆண்டுகள் இருந்தவன். ஐந்து ஆண்டுகளும் வகுப்பேற்றம் பெற்றவன். ஐந்து ஆண்டுகளும் பின்வாங்கில் அமர்ந்திருந்தவன். இன்று 'வெளியார்' என்று கூறி எந்தப் படலையை மூட முனைகின்றோமோ, அந்தப் படலையால்தான் அவன் வாசிக்கத் தெரியாதவனாய் வெளியேறினான். ஆகவே, பிறர் சுமையை எம் தலையில் சுமத்துகின்றார்கள் என்ற முறைப்பாட்டுக்கு இங்கு இடமேயில்லை. தான் செலுத்தத் தவறிய கடனைச் செலுத்துமாறே அப்பாடசாலை கேட்கப்படுகின்றது.

இந்நிலைக்கு மந்தபுத்தியைக் காரணங் காட்டுவோர் பலர். 'மொக்கு' என்ற ஒரு சொல்லால் முழுப் பிரச்சினையையும் மூடிவிடுகின்றனர். ஆனால், 2009இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் பெற்றோரின் கல்வியே சிதறுண்ட குடும்பங்கள் எத்தனை? தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிக்குச் சென்றிருக்க, பேத்தியார் வளர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் பாடசாலைகள் நீண்டகாலம் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி முற்றாகவே நின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியோ பல சிறுவர்களைக் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் அனுப்பியது. எழுத்துக்களை இனங்காண வேண்டிய வயதிலே பள்ளியை இழந்த பிள்ளை, பின்னர் வகுப்பேற்றப்பட்டு ஏழாம் தரப் பாடநூலின் முன்னே அமர்த்தப்படும்போது, அதற்கு அந்நூல் அந்நிய மொழி நூலேயாகும். இதனைப் பிள்ளையின் குறைபாடு என்பது எவ்வகையில் நியாயம்?

சட்டத்தின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பாடசாலைக் கல்வி இந்நாட்டில் கட்டாயமானது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, எழுத்தறிவின்மையை முற்றாக ஒழித்தலையும் கல்வியில் எல்லோருக்கும் சம வாய்ப்பை உறுதிசெய்தலையும் அரச கொள்கையின் வழிகாட்டு நெறிகளுள் அடக்கியுள்ளது. அந்நெறிகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாதென்பது உண்மையே. ஆனால், நீதிமன்றம் வற்புறுத்தாததால் கடமை கடமையல்லாது போய்விடுமா?

இனி, எதிர்ப்பாளர்களின் வாதங்களை நோக்குவோம்.

முதலாவது வாதம், ஒழுக்கம் பற்றியது. வளர்ந்த பிள்ளைகள், அதிலும் 'குழப்படிகாரப்' பிள்ளைகள், சிறுவர் மத்தியில் வந்தால் சிறுவர் கெட்டுப்போவர் என்பர். இப்பிள்ளைகளும் அச்சிறுவர்களும் ஒரே ஒழுங்கையில் வசிக்கின்றனர், ஒரே கோயில் வீதியில் விளையாடுகின்றனர், சிலர் உடன்பிறந்தோருமாவர். மாலை நான்கு மணிக்குத் தொற்றாத தீயொழுக்கம் காலை எட்டு மணிக்கு மட்டும் தொற்றிக்கொள்ளும் விந்தையை யாம் அறியோம். உண்மையில் இவர்களுடைய குழப்படியின் பெரும்பகுதி, விளங்காத பாடத்தின் முன்னே ஆண்டுக்கணக்கில் வாய்மூடியிருக்கப் பணிக்கப்பட்டதன் விளைவு. விளங்கும் பாடத்தை முன்வைத்தால் அதன் பெரும்பகுதி தணியும்.

இரண்டாவது வாதம், பாடசாலையின் பெயர் பற்றியது. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வீழ்ந்துவிடும். நல்ல குடும்பத்தவர் தம் பிள்ளைகளை வேறிடம் அனுப்பிவிடுவர் என்பது இதன் உட்பொருள். இங்கேதான் சிறிது வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். வறிய பிள்ளைகள் மத்திய கல்லூரிகளில் பயில்வதற்கு வழிதிறப்பதற்காக 1940களில் ஏற்பட்ட ஏற்பாடே புலமைப்பரிசில். கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்ததும், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே நோக்கத்தினாலேயே. வறியோருக்கு வாயில் திறக்கவென வந்த ஒரு பரீட்சையே இன்று வறிய பிள்ளையை வாயிலில் தடுக்கும் காவலாளியாகி நிற்கின்றது. ஒரு பாடசாலையின் பெயர், அது எவரைத் தேர்ந்தெடுத்தது என்பதிலன்று, எவரைக் கைவிடாது கற்பித்தது என்பதிலேயே தங்கியிருத்தல் வேண்டும். நல்ல மாணவரை மட்டும் பொறுக்கியெடுத்து நல்ல பெறுபேறு காட்டுதல் கற்பித்தற் சாதனையன்று. அது பொறுக்கியெடுத்தற் சாதனையே.

'எம் பிள்ளைகளோடு அவர்கள் ஒன்றாய் இருக்கக்கூடாது' என்ற குரல் எமது மண்ணுக்குப் புதியதுமன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்துக் கனவான்கள் பலர் அதனை எதிர்த்து நின்றனர். பாடசாலைகள் சில தீயிடப்பட்டன. அன்றும் பாடசாலையின் தரமே பேசப்பட்டது. அன்றும் பெற்றோரின் உணர்வே காரணமாகக் காட்டப்பட்டது. இன்று எவரும் சாதியின் பெயரால் அவ்வாறு பேசத் துணியார். ஆயின், பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் எக்குடியிருப்புக்களிலிருந்து வருகின்றனர் என்பதை ஒருமுறை எண்ணிப்பார்த்தால், சொல் மாறியிருக்கும் அளவுக்குப் பொருள் மாறவில்லை என்பது புலனாகும்.

மூன்றாவது வாதம், ஏனைய பிள்ளைகளின் கல்வி பாதிக்கப்படும் என்பது. இதற்கு ஊகத்தால் அன்றி அனுபவத்தால் விடையிறுக்கலாம். இந்தியாவின் வதோதரா, மும்பாய் நகரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் 2001ஆம் ஆண்டு முதல் 'பாலசகி' என்ற திட்டம் ஆய்வுக்குட்படுத்தப்பட்டது. மூன்றாம், நான்காம் வகுப்புக்களில் பின்தங்கிய 15 முதல் 20 வரையான பிள்ளைகளை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தனியாக அழைத்து, அயலைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பித்தார். அதே பள்ளியில், பள்ளி நேரத்திலேயே இது நடைபெற்றது. 2007இல் வெளியான அதன் முடிவுகளின்படி, மிகப் பின்தங்கியிருந்த பிள்ளைகளே மிகுந்த முன்னேற்றம் கண்டனர். வகுப்பறையில் எஞ்சியிருந்த பிள்ளைகள் அதனால் எதனையும் இழந்ததாகத் தெரியவரவில்லை. அப்பிள்ளைகள் எம் திட்டத்துப் பிள்ளைகளிலும் இளையவர்கள் என்பது மெய்யே. எனினும், ஒரே கூரையின்கீழ் இரு தேவைகளை நிறைவேற்றலாம் என்பதற்கு இதனைவிட வேறு சான்று எதற்கு?

நான்காவது வாதம் ஒன்று உண்டு. அது மட்டுமே மதிப்புக்குரியது. 14 வயதுப் பையன் சின்னஞ்சிறு கதிரைகளுக்கு நடுவே வந்தமர நாணமாட்டானா? நாணுவான். இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குவோர் பிள்ளையின் உள்ளத்தை அறியாதவராவர். எனவே, எந்த முறையில் அமைந்தாலும் சரியென்று நாம் கூறவில்லை. அவனை இரண்டாம் தரத்துப் பிள்ளைகளோடு சேர்த்து இருத்தலாகாது. அவனுக்குத் தனி அறை வேண்டும். அவன் உயரத்துக்கேற்ற மேசை கதிரை வேண்டும். அவன் வயதுக்கும் உலக அனுபவத்துக்கும் ஏற்ற வாசிப்பு நூல்கள் வேண்டும். அறை வாசலில் அவனை இழிவுபடுத்தும் பெயர்ப்பலகை எதுவும் தொங்கலாகாது. ஆனால், படலை ஒன்றாய் இருத்தல் வேண்டும். காலைப் பிரார்த்தனை ஒன்றாய் இருத்தல் வேண்டும். நூலகமும் விளையாட்டு மைதானமும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். சந்தையோரக் களஞ்சியத்துக்குள் நுழையும் பிள்ளையை ஊரே இனங்காணும். பாடசாலைப் படலையால் நுழையும் பிள்ளையை ஊர் மாணவன் என்றே காணும். நாணத்திலிருந்து அவனைக் காக்கும் வழி எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

அயற் பாடசாலையே ஏன் என்ற வினாவுக்கும் இதனுள்ளேயே விடை உண்டு. பஸ் கட்டணம் இல்லாத பிள்ளை நடந்து வரக்கூடிய தூரத்தில் அது உள்ளது. தம்பியையோ தங்கையையோ கையிற் பிடித்து அழைத்து வரவேண்டிய அக்காவும் அதனால் வரமுடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தறிவைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் கலையில் பயிற்சி பெற்றவர்கள் ஆரம்பக் கல்வி ஆசிரியர்களே. உயர்தரத்தில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் எத்துணைப் புலமையுடையவராயினும், உயிர்மெய் எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அவரால் உதவுதல் அரிது.

பெற்றோரை மட்டும் சாடுதல் ஒருபக்கச் சார்பாகும். 'ஏன் எங்கள் சிறு பாடசாலைக்கு மட்டும் இச்சுமை? பேர்பெற்ற கல்லூரிகள் ஏன் ஒரு பிள்ளையையும் ஏற்கவில்லை?' என்று அக்கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்று வீதம் குறையலாகாது என்பதற்காகப் பலவீனமான மாணவரை நயமாக விலக்கிவிடும் கல்லூரிகள் உள்ளன என்பதை ஆசிரியர் சமூகம் அறியும். அவ்வாறு விலக்கப்பட்டோர் ஈற்றில் வந்துசேரும் இடமாகச் சிறு பாடசாலைகளை ஆக்கிவிட்டு, அதற்கெனத் தனி ஆசிரியரையோ நிதியையோ வழங்காது, தண்டனை இடமாற்றம் பெற்ற ஒருவரைக் காவலுக்கு அனுப்புவது திட்டமாகாது, அது கைகழுவலேயாகும். ஆகவே, தகுந்த ஆசிரியர் இருவர், மூன்று தவணைக்கொரு முறை ஒவ்வொரு பிள்ளையினதும் முன்னேற்றக் கணிப்பு, வழமையான வகுப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ மீள்வதற்கான தெளிவான பாதை ஆகியவற்றை வலயக் கல்வி அலுவலகம் எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். இக்கோரிக்கையை முன்வைத்துப் பெற்றோர் போராடுவாராயின் அவர்களோடு நிற்க நாமும் கடமைப்பட்டவர்கள். பிள்ளைகளை எதிர்த்துப் போராடுவதில் மட்டும் அவர்களோடு நாம் நிற்க முடியாது.

இறுதியாக, இவ்விதழை வாசிக்கும் எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, பல்கலைக்கழக வாயில் எமக்கு மூடப்படுகின்றது என்று தமிழ்ச் சமூகம் கொதித்தெழுந்தது. அந்த அநீதியின் வடு ஒரு தலைமுறையின் வரலாற்றையே மாற்றியது. ஆயின், ஆரம்பப் பாடசாலையின் வாயிலிலேயே எமது பிள்ளைகள் வடித்தெடுக்கப்படும்போது அக்கொதிப்பு ஏன் எழவில்லை? மேலே மூடப்படும் கதவு மட்டுமா கதவு? புள்ளிகள் குறைந்தமையால் பல்கலைக்கழகம் இழந்தவனுக்காக எழுதப்பட்ட கட்டுரைகள் நூற்றுக்கணக்கானவை. எழுத்துத் தெரியாமையால் வாழ்வையே இழந்தவனுக்காக எழுதப்பட்டவை எத்தனை?

எம்முள் பலர் தனியார் கல்வி நிலையங்களில் மாலைதோறும் கற்பித்துச் செலவுக்குப் பணந் தேடுகின்றோம். அதில் தவறேதுமில்லை. அம்மாலைகளுள் வாரத்துக்கு ஒன்றை, ஊரிலுள்ள அந்த இரண்டு வெற்று வகுப்பறைகளுக்குக் கொடுத்தால் என்ன? இலவசக் கல்வியின் இறுதிப் படியில் நிற்கும் நாம், முதற் படியிலே இடறி விழுந்தவனுக்குக் கைகொடுப்பது தானமாகாது, கடன் தீர்த்தலேயாகும். அதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அடுத்த கூட்டத்திலே, களஞ்சியத்துக்கு ஆதரவாகக் கைகள் உயரும்போது, எழுந்து நின்று 'இல்லை' என்று கூறுதல். அந்தக் கூட்டத்தில் நான் அதனைச் செய்யவில்லை. ஆதலாலேயே இதனை எழுத நேர்ந்தது.