விலை தேயும், செலவு தேயாது

"இருபது லட்சத்து வண்டி சார், அஞ்சு லட்சத்துக்கு முடிச்சுக் குடுத்துடறேன்!"

பழைய கார் விற்கிற இடத்தில் இந்த வசனத்தைக் கேட்காமல் யாரும் வெளியே வருவதில்லை. எதிரே 2010 மாடல் ஃபோர்டு எண்டெவர் ஒன்று பாலிஷ் போட்டு வெள்ளை வெளேரென்று நிற்கும். பக்கத்தில் ஒரு டாடா சஃபாரி. புதுசாய் ஒரு சின்ன கார் வாங்கலாம் என்று காசு சேர்த்துக்கொண்டு வந்த மனுஷன் அப்படியே நின்றுவிடுவார். ஆட்டுக்குட்டி விலைக்கு யானை கிடைக்கிறதே!

யானையை வாங்கிவிடலாம். கட்டித் தீனி போடுவது யார்?

பி.காம். படிக்கிற எல்லோருக்கும் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறையும், கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாடம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. தேய்வது வண்டியின் விலை மட்டும்தான், அதன் பசி இல்லை. டயரோ, டர்போவோ, இஞ்செக்டரோ, "ஓனர் அஞ்சு லட்சத்துக்குத்தான் வாங்கினார், பாவம்" என்று விலையைக் குறைத்துக்கொள்ளாது. அஞ்சு லட்சம் கொடுத்து வாங்கினாலும் அது இருபது லட்சத்து வண்டிதான். பில்லும் அதற்கேற்ற மாதிரிதான் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டம். லிட்டருக்கு 10 கி.மீ. (ஊருக்குள் நெரிசலில் அதுவும் சந்தேகம்தான்). டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 1,200 லிட்டருக்கு 1,10,400 ரூபாய். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கிற சின்ன பெட்ரோல் கார், பெட்ரோல் 101 ரூபாய் என்றாலும், அதே தூரத்தை சுமார் 67,000 ரூபாயில் முடித்துவிடும். எரிபொருளில் மட்டுமே வருஷத்துக்கு 43,000 ரூபாய் வித்தியாசம். அடுத்தது டயர். ஒன்று 15,000 ரூபாய் என்று வைத்தாலும் நாலுக்கு 60,000. ஆல்டோவின் நாலு டயரும் சேர்ந்து இதன் ஒரு டயர் விலைக்குள் அடங்கிவிடும். சின்ன காருக்கு மூணு லிட்டர் இஞ்சின் ஆயில் போதும். இதற்கு ஏழெட்டு லிட்டர் ஊற்ற வேண்டும்.

இன்சூரன்ஸ் கதை இன்னும் சுவாரசியம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு வருஷம் 2,094 ரூபாய், 1,500 சி.சி.க்கு மேல் போனால் 7,897 ரூபாய். இங்கே இஞ்சின் அளவுதான் கணக்கு. வண்டி அஞ்சு லட்சத்துக்குக் கைமாறியது என்பதற்காக ஒரு ரூபாய் குறையாது. ஆனால் விபத்தாகி க்ளெய்ம் கேட்டுப் போகும்போது மட்டும் வயசு ஞாபகத்துக்கு வந்துவிடும்! சாதாரண பாலிசியில், பத்து வருஷம் தாண்டிய வண்டியின் உலோக பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்கள். கடைக்காரர் முழு விலை வாங்குவார், கம்பெனி பாதிதான் தரும், மீதி ஓனர் தலையில். தேய்மானம் என்பது யாருக்குச் சாதகம் என்று இப்போது புரிந்திருக்கும்.

"பழைய வண்டின்னா இரும்பு மாதிரி, ஒண்ணும் ஆகாது" என்பவர்கள் உண்டு. பாதி உண்மை. எண்டெவரின் லேடர் சேஸிஸ் நிஜமாகவே கெட்டி. ஆனால் வண்டி நடுரோட்டில் நிற்பது சேஸிஸ் உடைந்தா? ஹை பிரஷர் பம்ப், இஞ்செக்டர், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி. என்று சுற்றியிருக்கும் சமாச்சாரங்கள்தான் நிறுத்தும். நம்பகத்தன்மை என்பது எத்தனை தடவை நிற்கிறது என்பது மட்டும் இல்லை, நின்றால் எத்தனை நாளில் கிளம்பும் என்பதும்தான். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று சொல்லித்தான் அறிவித்தார்கள். ஆனாலும் புது வண்டி விற்காத கம்பெனியின் 2010 மாடலுக்குச் சாமான் தேடுவதும், வாரம் முழுக்க சாலையில் பார்க்கிற மாருதிக்குத் தேடுவதும் ஒன்றா?

"அப்போ ஃபார்ச்சூனர் வாங்கலாமே?" நல்ல கேள்வி. உழைக்கிற வண்டி என்று பெயர் எடுத்ததுதான். அது சந்தைக்கும் தெரியும். அதனால் அந்த நம்பிக்கைக்கான காசை விற்கும்போதே சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். டயரும் டீசலும் அதற்கும் ஓசியில் வராது.

அரசாங்கமும் சும்மா இருக்காது. சொந்த உபயோக காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். பிறகு பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

பழைய பெரிய வண்டி யாருக்கும் ஆகாது என்று அர்த்தம் இல்லை. மலைக்காட்டு ரோட்டில் தினம் ஏறி இறங்குகிறவர், வீட்டில் ஏழு பேர் இருப்பவர், நல்ல மெக்கானிக்கைக் கையில் வைத்திருப்பவர், வாங்கிய விலையில் கால்வாசியை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைக்க முடிந்தவர், தாராளமாக வாங்கலாம். அவர்களுக்கு அது வண்டி.

மற்றவர்களுக்கு அது கெத்து. கல்யாண மண்டப வாசலில் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருத்தரும் டீசலுக்குக் காசு தரப்போவதில்லை. இவ்வளவு வயசான வண்டிக்கு கார் லோன் கிடைப்பதும் கஷ்டம். அதனால் பெரும்பாலும் அம்மா நகையோ மனைவி நகையோ அடகுக்குப் போகிறது. முதல் பெரிய ரிப்பேர் வரும்போது வண்டி ஷெட்டில் நிற்கும், நகை பேங்கில் இருக்கும், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

வாங்குகிற அன்றைக்கு விற்பவரிடம் "எவ்வளவு?" என்று கேட்பவர்கள், முதலில் ஒரு மெக்கானிக்கிடம் போய் "மாசம் எவ்வளவு?" என்று கேட்கட்டும். அந்தப் பதிலையும் தாண்டி ஆசை மிச்சம் இருந்தால், யானையை ஓட்டிக்கொண்டு போகலாம்.