சான்றளிப்பவருக்கும் சான்று வேண்டும்

புனேயை அடுத்த சாகண் தொழிற்பேட்டையில் பற்றவைப்பவரிடமும் பளுதூக்கி இயக்குபவரிடமும் தொழில் தேர்ச்சிச் சான்று கேட்பது இயல்பு. அத்தொழிலாளியின் சம்பளக் கணக்கிலிருந்து பணம் களவு போனால், அவருடைய கைப்பேசியை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சான்றளிப்பவரின் தேர்ச்சியை யார் கேட்கிறார்கள்?

கணினித் தடயத்தின் அருமையைப் புனே நன்கறியும். 2018 ஆகஸ்டில் அந்நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்பில் ஊடுருவியவர்கள், போலி அட்டைகளைக் கொண்டு இந்தியாவிலும் 28 வெளிநாடுகளிலும் பணம் எடுத்தனர். ஹாங்காங்குக்கும் ஒரு தொகையை அனுப்பினர். இழப்பு 94 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஏப்ரலில் 11 பேர் தண்டிக்கப்பட்டனர்.

இத்தகைய வழக்குகளுக்கு உயிர்நாடி மின்னணுப் பதிவுகளே. கருவியை இயக்கினாலே அதிலுள்ள சில பதிவுகள் மாறிவிடக்கூடும். ஆகவே தேர்ந்த ஆய்வாளர் மூலத்தில் எதுவும் எழுதப்படாதவாறு தடுத்து முழு நகல் எடுப்பார். இரண்டின் 'ஹேஷ்' மதிப்பையும் ஒப்பிடுவார். ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும்.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணுச் சான்றிதழின் முதற்பகுதியில் பதிவை முன்வைப்பவரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையொப்பமிட்டு, ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் அப்படிவம் நிபுணரின் பெயர், பதவி, துறை ஆகியவற்றைக் கேட்கிறதேயன்றி, அவர் பெற்ற பயிற்சியைக் கேட்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவும் ஆய்வு அமைப்புகளையே அங்கீகரிக்கிறது. தனி ஆய்வாளரை அன்று.

கணினிப் புலனாய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயேசிஸ் தரும் சான்றிதழைப் பெற, அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் செய்முறைச் சிக்கல்களைத் தீர்த்துக் காட்டிய பின்னரே இறுதித் தேர்வுக்குச் செல்ல இயலும். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். நமக்கும் அத்தகைய தேசியச் சான்றிதழ் தேவை.

ஆய்வாளர்கள் குறைவாக இருக்கையில் இந்நிபந்தனை வழக்குகளைத் தாமதப்படுத்தும் என்பர். அக்கவலை நியாயமானதே, எனவே படிப்படியாக நடைமுறைப்படுத்தலாம். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக்கும், குஜராத்தின் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமும் இப்பயிற்சிக்கு அடித்தளமாகலாம். பிழையான ஆய்வினால் வழக்கே தோற்பதைவிடச் சிறிது தாமதம் மேல்.

வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. மோசடியை உணர்ந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காதீர்கள். நீங்கள் காத்துவைக்கும் தடயம் தேர்ந்த கைகளில் சேர வேண்டும். அதை உறுதிசெய்வது அரசின் கடமை.