வான்செய்தியும் சதி காண்போரும்

"வேற்றுலகில் உயிர் உண்டு" என்னும் செய்தி ஒருநாட் காலையில் நம் கல்லூரி வாயிலை எட்டுமாயின், அதனைக் கேட்டு மகிழாதார் யாவர்? வானநூலார் மகிழ்வர், கவிஞர் மகிழ்வர், ஒன்றும் அறியாச் சிறுவரும் மகிழ்வர். ஆயினும் ஒரு சாரார் மட்டும் முகஞ் சுளிப்பர் என்பது என் கருத்து. அவர் யாவரெனின், வேற்றுலகில் உயிர் உண்டென்று பன்னாளாக உரத்துக் கூறி வருபவரே ஆவர். வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து சென்றனர். அதனை அரசாங்கத்தார் அறிந்தும் மறைக்கின்றனர். எல்லாம் ஒரு பெருஞ் சதி என்பது அவர்தம் கொள்கை. தாம் விரும்பிய செய்தியே வந்தும் அவர் ஏன் மகிழார்? இதனை ஆராய்வதே இச் சிறு கட்டுரையின் நோக்கம்.

பிறர் குறையைக் கூறுமுன் என் குறையைக் கூறிவிடுதல் முறையாகும். 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி ஒன்று நம் ஞாயிற்று மண்டலத்துக்குப் புறத்தேயிருந்து வந்த ஒரு பொருளைக் கண்டது. அதற்கு 3ஐ/அட்லஸ் என்று பெயரிட்டனர். அங்ஙனம் புறத்தேயிருந்து வந்தனவாக அறியப்பட்ட பொருள்களுள் அது மூன்றாவது. அஃதொரு வால்வெள்ளி என்று வானநூலார் கூறினர். அக்டோபர் 2-ஆம் நாள், செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் விண்கலம் ஒன்று அதனைப் படம் பிடித்தது. ஆனால் அதற்கு முதல் நாளே, செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறாமையால், அமெரிக்க அரசாங்கத்தின் பணிகள் பலவும் நின்றுபோயின. ஆதலின் அப் படம் வெளிவரவில்லை. "படத்தை மறைக்கின்றனர், அது வால்வெள்ளியன்று, வேற்றுலகத்தாரின் ஊர்தி" என்னும் கூக்குரல் கைப்பேசிதோறும் எழுந்தது. விடுதியறையில் நள்ளிரவு வரையில் அதனைக் கேட்டு நம்பியவருள் யானும் ஒருவன். ஐரோப்பியரின் விண்கலம் எடுத்த படம் அவ் அக்டோபர்த் திங்களிலேயே வெளிவந்திருந்தது. அதனை யான் அறிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை.

நவம்பர் 19-ஆம் நாள் நாசா தன் படத்தை வெளியிட்டது. மங்கிய ஒளிப்பொட்டு ஒன்றே அதிற் காணப்பட்டது. என் அறையில் உடன் வாழ்பவர், பௌதிகம் பயில்பவர், வயதில் மூத்தவர், "தம்பி, நீ கேட்ட படம் வந்துவிட்டதே, இப்பொழுது மகிழ்ச்சிதானே?" என்று வினவினார். எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, ஏமாற்றமே உண்டாயிற்று. அன்றிரவு எண்ணிப் பார்த்தபொழுது ஓர் உண்மை புலப்பட்டது. யான் விரும்பியது அவ் வான்பொருளைப் பற்றிய அறிவன்று. பிறர் அறியாததொன்றை யான் அறிந்துகொண்டேன் என்னும் செருக்கையே விரும்பினேன். படம் எல்லார் கையிலும் வந்த கணத்தே அச் செருக்குக்கு இடமில்லாது போயிற்று.

சதி காண்போர் பலரின் மனநிலையும் இதுவே என்று துணிகின்றேன். அவர்க்கு இன்றியமையாதது வேற்றுலக உயிரன்று, மறைப்பே. ஆதலின் நாளை உண்மைச் செய்தி வருமாயின், அவரிடமிருந்து இரண்டு குரல்கள் எழும். "இதனை நெடுநாளாக அறிந்திருந்தும் இப்பொழுதுதான் வெளியிடுகின்றீர், இன்னும் எவற்றை மறைத்து வைத்திருக்கின்றீரோ!" என்பது ஒரு குரல். "இது வெறுங்கதை, மக்களை அச்சுறுத்தி ஆளவும், வேறு செய்தியினின்று அவர் கருத்தைத் திருப்பவும் புனைந்தது" என்பது மற்றொரு குரல். ஒன்று செய்தியை மெய்யென்கின்றது, மற்றது பொய்யென்கின்றது. ஆயினும் இரண்டும் ஒரு வேரினின்றே கிளைப்பன. சொல்பவரை ஒருபொழுதும் நம்பலாகாது என்பதே அவ் வேர்.

இஃது என் கற்பனையன்று. முன்னரும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1976-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், வைக்கிங் 1 என்னும் விண்கலம் செவ்வாயிற் சைடோனியா என்னும் பகுதியிலுள்ள குன்றொன்றைப் படம் பிடித்தது. ஒளியும் நிழலும் கலந்தமையால் அக் குன்று மனித முகம்போலத் தோன்றிற்று. அது நிழலால் நேர்ந்த தோற்றமே என்று கூறி நாசாவே அப் படத்தை வெளியிட்டது. மறைக்க எண்ணியவர் அதனை வெளியிட்டிருப்பரோ? எனினும், அது பண்டைய நாகரிகமொன்றின் சிலையென்றும், உண்மை மறைக்கப்படுகின்றதென்றும் நூல்களே எழுந்தன. 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் வேறொரு விண்கலம் பன்மடங்கு தெளிவான படம் எடுத்தது. முகத்தைக் காணோம், குன்றே இருந்தது. "மெல்லிய முகில் மறைத்துவிட்டது" என்றனர் சிலர். 2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் முகிலற்ற வேளையில் மீண்டும் எடுத்தனர். அப்பொழுதும் குன்றே இருந்தது. அதன் பின்னும் நம்புவார் நம்பிக்கொண்டே இருந்தனர். சான்று பெருகப் பெருக ஐயம் சுருங்குதல் இயல்பு. இவர்க்கோ ஒவ்வொரு சான்றும் புதியதொரு சதியாகத் தோன்றுகின்றது.

இனி, நாம் எதிர்பார்க்கும் செய்தி எவ்வடிவில் வரக்கூடும் என்பதையும் நோக்குவோம். பறக்குந் தட்டினின்று எவரும் இறங்கி வந்து நம்மை வணங்கப் போவதில்லை. பாறையிற் காணும் ஒரு புள்ளியாகவோ, தொலைவிலுள்ள கோளொன்றின் காற்றிற் காணும் ஒரு வாயுவின் குறியாகவோ அது வருதல் கூடும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் நாசா அத்தகைய அறிவிப்பொன்றைச் செய்தது. பெர்சிவியரன்ஸ் என்னும் ஊர்தி அதற்கு முந்திய ஆண்டிற் செவ்வாயில் ஆய்ந்த பாறையொன்றிலுள்ள புள்ளிகள், பண்டை நுண்ணுயிர்களின் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதே அது. "இருக்கக்கூடும்" என்றனரேயன்றி "இருக்கின்றது" என்றிலர். உயிரின்றியும் அப் புள்ளிகள் உண்டாகியிருக்கலாம் என்பதையும் உடன் கூறினர். நாசா அறிஞர் சிலர் 2021-ஆம் ஆண்டில், உயிரைக் கண்டோம் என்று துணிதற்கு ஏழு படிகள் ஏறவேண்டும் என வகுத்துக் காட்டினர். ஒரு குறியைக் காண்டல் முதற்படியே. ஏனைய படிகளை ஏறப் பல்லாண்டுகள் ஆகலாம்.

இப் பொறுமையே சதி காண்போர்க்கு இடமளிக்கின்றது. 1984-ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவிற் கண்டெடுத்த கல்லொன்று செவ்வாயிலிருந்து வந்ததெனத் தெளியப்பட்டது. அதில் உயிரின் சுவடு இருக்கலாமென 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் அறிவித்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த கிளிண்டனும் அன்று அதனைப்பற்றிப் பேசினார். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், அச் சுவடுகள் உயிரின்றியே உண்டாகலாம் எனக் காட்டவே, அறிஞர் பெரும்பாலோர் அம் முடிவை ஏற்றிலர். ஆய்ந்து திருத்திக்கொள்வது அறிவியலில் நேர்மை. சதி காண்போர்க்கோ, "முன் சொன்னதைப் பின் மாற்றினர், யாரோ அவர் வாயை அடைத்துவிட்டனர்" என்று கூற அதுவே கருவியாகும்.

ஆராயாது தெளிதலும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீராத துன்பந் தரும் என்று வள்ளுவர் வகுத்திருத்தல் தமிழ் மாணவர் அறிந்ததே. இவ் இரண்டு பிழையும் ஒருவரிடத்தே ஒருங்கு காணப்படுதலே இங்கு வியப்பு. முகமறியாதவர் கைப்பேசியிற் கூறிய கதையை ஆராயாது நம்புபவரே, பல நாட்டறிஞர் பன்முறை ஆய்ந்து கண்டதை ஐயுறுகின்றனர். யானும் அவ்வாறே செய்தேன்.

அங்ஙனமாயின் அவரெல்லாம் அறிவிலிகளோ? அன்று. அரசாங்கத்தார் எதனையும் மறைத்ததில்லை என்று எவரேனும் கூறின் அதுவும் பொய்யேயாகும். 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நியூ மெக்ஸிகோவைச் சார்ந்த ராஸ்வெல் விமானப்படைத் தளத்தார், பறக்குந் தட்டொன்று தம் கைக்குக் கிடைத்ததென்று செய்தி வெளியிட்டனர். உடனே, அது தட்பவெப்பம் அறியும் பலூனே என்று மாற்றிக் கூறினர். உண்மை 1994-ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. சோவியத் நாட்டார் அணுகுண்டு வெடித்துச் சோதிப்பராயின் அவ் ஓசையை உயர் வானத்தே கேட்டறிதற்கு அமைத்த 'மோகல்' என்னும் மறைபொருள் திட்டத்தின் பலூன்களே அவை என்று விமானப்படையார் அறிவித்தனர். வேற்றுலகத்தார் அங்கில்லை, ஆனால் மறைப்பு இருந்தது. நாற்பத்தேழு ஆண்டு மூடிவைத்த ஓர் உண்மை எத்தனை பொய்களுக்குத் தாயாயிற்று! ஆதலின் ஐயுறுவாரை எள்ளி நகையாடுதல் தகாது. நகைப்பினால் எவர் மனமும் மாறியதில்லை. என் அறைத் தோழர் என்னை நகைத்திருப்பின் யானும் மாறியிரேன்.

வேண்டுவன இரண்டு. அறிவியலாரும் அரசாங்கத்தாரும், தாம் கண்டதைக் காலந்தாழ்த்தாது வெளியிடுதல் வேண்டும். அதில் தமக்குள்ள ஐயத்தையும் உடன் வெளியிடுதல் வேண்டும். அங்ஙனம் செய்யினும் சதி காண்போர் அனைவரும் தெளிவர் என்று யான் கூறேன். ஆயினும் இரண்டிற்கும் நடுவே நின்று தயங்குவோர் பலர் தெளிவர். அவரே தொகையில் மிக்கவர்.

மற்றொன்று நம் கடமை. அச் செய்தி வருமுன்னரே நாம் ஒவ்வொருவரும் நம்மையே ஒரு வினா வினவிக்கொள்ளல் வேண்டும்: "எச் சான்றைக் கண்டால் யான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்?" இதற்கு விடை கூற வல்லவன் ஐயுறுதல் நன்று, அவன் ஐயம் அவனை அறிவுக்கு அழைத்துச் செல்லும். விடை கூற இயலாதவன், கடவுளே வந்து கூறினும் அதிலும் ஒரு சதியைக் காண்பான்.

3ஐ/அட்லஸ் நம் ஞாயிற்றைவிட்டு அகன்று செல்கின்றது. இனி ஒருபொழுதும் மீண்டு வாராது. அதனைப்பற்றி யான் நம்பிய கதைகள் யாவும் பொய்த்தன. அவ் வினா மட்டும் என்னிடத்தே நின்றது. அடுத்த செய்தி வரும் நாளில் அது எனக்குத் துணையாகும் என்று நம்புகின்றேன்.