சாக்கடைச் சேறு எரு ஆகுமா? மரத்தூள் கலந்தால் ஆகும்! ஆனால்...

சென்னை நகரின் சாக்கடைத் தண்ணீர் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. தண்ணீர் தெளிந்த பிறகு அடியில் மிஞ்சுவது சேறு. தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள சரக்கு. எருவாக்கினால் காசு!

ஆனால் சும்மா குவித்து வைத்தால் எரு ஆகாது. பிழிந்தெடுத்த சேற்றிலும் 100-க்கு 80 பங்கு வரை தண்ணீர்தான். காற்று புகாமல் அழுகும்; ஊரே மூக்கைப் பொத்தும்.

மரத்தூள் போடு!

மரத்தூள், வைக்கோல், தேங்காய் நார்க்கழிவு, எது மலிவோ அதைக் கலக்கலாம். ஈரத்தை உறிஞ்சும், காற்றுக்கு வழிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. சேற்றில் கரிச்சத்து குறைவு. 1 பங்கு தழைச்சத்துக்கு 25, 30 பங்கு கரிச்சத்து இல்லாவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, காற்றில் போகும் உரக்காசு! கரித்தூள் சேர்த்தால் ஓரளவு பிடித்து வைக்கும்.

கலவை சரியானால் குவியல் தானாகவே சூடேறும். 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால் நோய்க்கிருமியும் குடல்புழு முட்டையும் காலி.

சாகாத சங்கதி

ஈயம், காட்மியம், குரோமியம் மட்டும் சூட்டுக்கு மசியாது. பட்டறைக் கழிவு சாக்கடையில் கலந்தால் இவை சேற்றில் வந்து உட்காரும். சுண்ணாம்பு போட்டால் செடி உறிஞ்சுவது குறையும். உலோகம் அங்கேயேதான் கிடக்கும். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு எருவில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கீரைப் பாத்திக்கு மூட்டை வாங்குகிறவர்கள் மண்வாசனையில் மயங்காமல் பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்கலாம்.