வலியை நம்புதல்

இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தென்படவில்லை. ஆனால் உடல் முழுவதும் வலிக்கிறது. உறங்கி எழுந்தாலும் களைப்பு தீர்வதில்லை, நினைவு மங்குகிறது. ஃபைப்ரோமையால்ஜியா எனப்படும் இந்த நோயுடன் வாழ்பவர்களில் பலர் கேட்டுச் சலித்த வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாம் மனதில்தான் இருக்கிறது." பிறகு, இதே நோய்க்கு உளவியலாளரின் நடத்தைசார் சிகிச்சை பரிந்துரைக்கப்படும்போது, பழைய தீர்ப்பையே வேறு சொற்களில் வாசிப்பதாக அவர்கள் எண்ணினால் அதில் வியப்பில்லை. அந்தச் சிகிச்சையை ஆதரிப்பவர்கள் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான் என்பது நம் கருத்து.

அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 1990இல் வகுத்த அளவுகோலின்படி, உடலின் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, குறைந்தது 11 இடங்களிலாவது வலித்தால்தான் அது ஃபைப்ரோமையால்ஜியா. 2010இல் அந்த எண்ணிக்கை கைவிடப்பட்டு, வலியின் பரவலும் களைப்பு, உறக்கக் குறை போன்ற அறிகுறிகளும் கணக்கில் கொள்ளப்பட்டன. இதற்கிடையே 2002இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை மெல்ல அழுத்தியபடி அவர்களுடைய மூளையைப் படமெடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பெரிதாக வலிக்காத அதே அழுத்தத்துக்கு, நோயாளிகளின் மூளையில் வலியோடு தொடர்புடைய பகுதிகள் கிளர்ந்தெழுந்தன. இது கற்பனை வலியன்று. நரம்பு மண்டலம் வரும் செய்தியைப் பெருக்கி ஒலிக்கும் ஒலிபெருக்கியாகிவிட்டது.

அப்படியானால் நடத்தைக்கு இங்கே என்ன வேலை? சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு விடை தந்தது. வலித்தால் படுப்பது, குறைந்தால் எழுவது என்னும் பழக்கம் நாளடைவில் வாழ்க்கையையே வலியின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. ஆகவே நடக்கும் தூரத்தையும் ஓய்வையும் வலி முடிவு செய்யக் கூடாது. முன்கூட்டியே வகுத்த அளவு முடிவு செய்ய வேண்டும். இன்று நல்ல நாளென்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் முழுவதும் படுத்துக் கிடப்பவருக்கு இந்தப் பாடம் எளிதில் புரியும். பின்னர் வந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, "அசைந்தால் உடம்பு கெட்டுவிடும்" என்பன போன்ற அச்சங்களையும் உறக்கப் பழக்கங்களையும் சேர்த்துக்கொண்டது.

பலன் எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால், சிறிதளவுதான். பலவகை நாள்பட்ட வலிகளைப் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் வலி, இயலாமை, மனத்துயர் ஆகியவை சிறிதளவே குறைவதாகக் கண்டது. ஃபைப்ரோமையால்ஜியாவுக்கென 2016இல் திருத்தப்பட்ட ஐரோப்பியப் பரிந்துரைகளில் உடற்பயிற்சி ஒன்றுக்கே வலுவான ஆதரவு கிடைத்தது. நடத்தைச் சிகிச்சையும் மருந்துகளும் வலுக்குறைந்த ஆதரவையே பெற்றன. ஆனால் எழுந்து சமைக்கவும் வேலைக்குப் போகவும் முடியாதிருந்தவருக்குச் சிறிது என்பதும் சிறிதன்று. குணமாக்கும் என்று விற்பதும் பயனற்றது என்று ஒதுக்குவதும் ஒரே அளவு பொய்யானவை.

இலக்கிய வாசகர்களான நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வலிக்குச் சாட்சி சொல்வது மொழிதான். 1975இல் ரொனால்ட் மெல்சாக் வலியை அளக்க முனைந்தபோது 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கினார். நம் மொழியிலும் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. கால் உளைகிறது என்கிறோம், மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். உடலுக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று அந்தச் சொல் பிரிந்து நிற்கவில்லை. "உடலா, மனமா?" என்று வழக்காடுபவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வது மதிக்கப்பட வேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்தது. சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அதுவே. நம்பப்படாதவரிடம் "உங்கள் பழக்கத்தை மாற்றுங்கள்" என்பது குற்றச்சாட்டு. நம்பப்பட்டவரிடம் அதே சொற்கள் உதவியாகின்றன. மருந்தையும் சலுகையையும் மறுப்பதற்கான மலிவான சாக்காக இந்தச் சிகிச்சை பயன்படும் இடங்களில், அதை எதிர்ப்பவர்களின் பக்கமே நாம் நிற்போம். மற்ற இடங்களில், அதற்குரிய சிறிய மதிப்பைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே நோயாளிகளுக்கு நாம் செய்யும் மரியாதை.