கரிக்குருவிக்கு எத்தனை பெயர்!

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மல்லாட்டைக் கொல்லையில் மின்கம்பி மேல் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் வால் பிளந்த கறுப்புக் குருவிக்குச் சரியான பெயர் என்ன? அது காயைத் தின்னுமா? மகன் விரட்ட வேண்டும் என்கிறான், பெரியவர் கூடாது என்கிறார்.

பெரியவர் சொல்வதே சரி. கரிக்குருவி, கரிச்சான், இரட்டைவால் குருவி, ஆனைச்சாத்தான் எல்லாம் இதே பறவைதான். வால் இரண்டு இல்லை. ஒரே வால், நுனி மீன்வால் போலப் பிளந்திருக்கிறது. காக்கை முதலிய பறவைகளிடம் அடிபட்டு வந்த கரிக்குருவிக்கு மதுரைச் சொக்கநாதர் மந்திரம் உபதேசித்து, 'வலியான்' என்ற பெயரும் தந்ததாகத் திருவிளையாடல் புராணம் சொல்கிறது. தன் கூட்டருகே வரும் காக்கையையும் பருந்தையும் இது துரத்துவதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள். இந்திக்காரர்கள் 'கொத்வால்' என்கிறார்கள், ஊர்க்காவல் அதிகாரி என்று பொருள். வட அமெரிக்காவில் இதேபோல் காத்திருந்து பூச்சி பிடிக்கும் சிறு பறவைகளுக்குக் குரலே பெயராகிவிட்டது. 'ஃபீ-பீ' என்று கத்துவது ஃபீபி, 'பீ-வீ' என்பது பீவீ. மல்லாட்டைக்கு மணிலா என்று ஊர்ப்பெயர் வைத்தவர்கள் நாம்; பெயர் வைப்பதில் யாரும் சளைத்தவர்கள் இல்லை.

இனி கொல்லைக்கு வருவோம். கரிக்குருவி காயையோ விதையையோ தொடாது. வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, ஈசல், புழு இவைதான் இரை. ஏர் ஓட்டும்போதும் மாடு மேயும்போதும் பின்னாலேயே வருவது, கலைந்தெழும் பூச்சிக்காகத்தான். விடியுமுன்பே எழுந்து, இருட்டும்வரை வேட்டையாடும். அதனால் அந்தியில் கிளம்பும் அந்துப்பூச்சிகளும் சிக்கும். முட்டையிடும் முன் ஒரு தாய் அந்து போனாலும் லாபமே.

ஆனால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் சுருள்பூச்சிப் புழு அதற்கு எட்டாது. புரொடீனியா புழு பகலில் மண்ணிடுக்கில் பதுங்கிவிடும். முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கிள்ளி அழிப்பதும் விளக்குப்பொறியும் தேவைதான்.

கம்பி இல்லாத கொல்லையில், பயிருக்கு மேலே ஓரிரு அடி உயரம் தெரியும்படி கவட்டைக் குச்சிகளை ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து நட்டால் போதும், செலவில்லை. கண்ட மருந்தை வாரத்துக்கு ஒருமுறை தெளிக்கும் கொல்லையில் இரையும் இருக்காது, குருவியும் இருக்காது.

தேனீயையும் இது பிடிக்கும். தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டிக்கு அருகில் மட்டும் குச்சி நட வேண்டாம்.