துப்பாக்கிக்கு எந்த மருந்து நல்லது, தாத்தா?

டெக்ஸாஸில் வேலை பார்க்கும் என் அக்கா பேரன் தை மாதம் லீவில் வந்திருந்தான். சேலையூர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்: "தாத்தா, நீங்க துப்பாக்கி லைசென்ஸ் பாத்தவர்தானே? எந்தப் பவுடர் நல்லது?"

உள்ளேயிருந்து என் மனைவி "குட்டிகூரா இருக்குடா, அலமாரியில பாரு" என்றாள். ஐந்து நிமிஷம் சிரித்தோம்.

விஷயம் இதுதான். அங்கே அவன் ஒரு ரைஃபிள் வாங்கியிருக்கிறான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், அதில் புது கேப்பு, புது மருந்து, புது குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டப்படி சரி. அதற்கென்று சின்ன அழுத்து இயந்திரம், தராசு, கையேடு எல்லாம் கடையிலேயே கிடைக்குமாம். மருந்து மட்டும் நூற்றுக்கும் மேல் வகை. எதை எடுப்பது என்று பையன் தடுமாறுகிறான்.

நான் வாழ்நாளில் ஒரு முறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சில வருஷம் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேசையில்தான் இருந்தன. அதனால் இந்தக் கேள்வி அவன் நினைத்ததைவிட ஆழமாக எனக்குள் போய்விட்டது. அவன் விட்டுப்போன கையேட்டை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

முதலில் ஒரு சின்னச் சுற்று. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் 'பூத்ர்' என்றால் முகப் பவுடரும் அதுதான், வெடிமருந்தும் அதுதான். தமிழ் இன்னும் விசித்திரம். ஜுரத்துக்குக் கொடுப்பதும் மருந்து, குழலில் இடிப்பதும் மருந்து. எங்கள் பள்ளிப் புத்தகத்தில் லவோஸியே ரசாயனத்தின் தந்தை. அவர் அரசாங்க வெடிமருந்து நிர்வாகிகளில் ஒருவராக 1775இல் அமர்த்தப்பட்டவர் என்பதை வாத்தியார் போகிறபோக்கில்தான் சொன்னார். அந்த நிர்வாகம் எதற்கு வந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. ஏழாண்டுப் போரில் பிரான்சுக்கு வெடியுப்புப் பற்றாக்குறை. நல்ல வெடியுப்பு விளைந்தது பீகார் மண்ணில்; அது ஆங்கிலேயன் கைக்குப் போய்விட்டது. 1761இல் புதுச்சேரி விழுந்ததற்கும் இதற்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே போர்.

அந்த லவோஸியேயிடம் தொழில் கற்ற து போன் என்ற இளைஞர்தான் அமெரிக்கா போய் 1802இல் டெலவேரில் வெடிமருந்து ஆலை வைத்தார். அதுதான் பிறகு டூபான்ட். அந்தக் கம்பெனி ராணுவத்துக்குச் செய்த 4895 என்ற மருந்து இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலைமாதிரி மிஞ்சியது. ஹாட்ஜ்டன் என்பவர் அதை வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்குச் சில்லறையாக விற்றார். என் அக்கா பேரன் கையில் இருக்கும் கையேடு அந்த ஹாட்ஜ்டன் பெயரில் நடக்கும் கம்பெனியுடையது. உலகம் சின்னதுதான்.

புகையில்லா மருந்தும் பிரெஞ்சுக்காரன் தந்ததே. 1884இல் வியேய் கண்டுபிடித்தார். 1886இல் லெபெல் துப்பாக்கி வந்தது. ஐந்து வருஷத்துக்குள் ஆங்கிலேயன் கார்டைட் செய்தான். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின், மூன்றையும் பிசைந்து கயிறுமாதிரி இழுப்பது. நம் நீலகிரியில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காட்டில் ரயில் நிற்குமே, அங்கே இருப்பது அந்தக் கார்டைட் தொழிற்சாலைதான்.

இனி பையன் கேட்ட கேள்வி. மருந்து எல்லாம் ஒரே வேகத்தில் எரிவதில்லை. சில சேமியாவை நறுக்கினாற்போல் இருக்கும், சில ஜவ்வரிசிபோல், சில அவல்போல். உருவமும் மேல்பூச்சும் எரியும் வேகத்தை மாற்றுகின்றன. கைத்துப்பாக்கியின் சின்னக் கூட்டுக்குச் சட்டென்று எரிவது வேண்டும். ரைஃபிளின் பெரிய கூட்டுக்கும் கனமான குண்டுக்கும் நிதானமாக எரிந்து குழல் நெடுகத் தள்ளிக்கொண்டே போவது வேண்டும். ரைஃபிளில் சட்டென்று எரிவதைப் போட்டால், குண்டு அதிகம் நகர்வதற்கு முன்பே அழுத்தம் எல்லையைத் தாண்டிவிடும்.

எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். குண்டு வினாடிக்கு ஐம்பது அடி கூடுதலாகப் போகிறதா என்பதுதான் அவர்கள் பேச்சு. என் அபிப்பிராயம் வேறு. முதலில் பார்க்க வேண்டியது, கூட்டை நன்றாக நிரப்புகிற மருந்தா என்று. அரைக்கூடு மட்டுமே நிரம்பும் மருந்தென்றால், கவனம் பிசகி இரண்டு தடவை போட்டாலும் வெளியே தெரியாது. கூடு கிட்டத்தட்ட நிரம்பும் மருந்து என்றால் இரண்டாம் தடவை வழிந்து மேசையில் கொட்டும். மனுஷன் மறதிக்காரன் என்பதை ஒத்துக்கொள்கிற மருந்துதான் நல்ல மருந்து.

இரண்டாவது வெயில். தோட்டா சூடானால் அதே அளவு மருந்து கூடுதல் அழுத்தம் கொடுக்கும். குளிரில் சோதித்து உச்ச அளவில் நிரப்பிய தோட்டா, அக்னி நட்சத்திரத்தில் தாம்பரம் மேம்பாலத்தில் மாட்டிய கார் டிக்கியில் கிடந்தால் என்ன ஆகும்? டெக்ஸாஸ் வெயிலும் லேசுப்பட்டதில்லை. வெப்பத்துக்கு அதிகம் அசையாதபடி செய்த மருந்துகள் இப்போது உண்டு. ஆஸ்திரேலியாவில் செய்து அமெரிக்காவில் விற்கிறார்கள். அவற்றில் ஒன்றை எடு என்றேன். கையேட்டில் உள்ள உச்ச அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கு. சிநேகிதன் சொன்ன அளவு, வீடியோவில் பார்த்த அளவு எதுவும் வேண்டாம்.

மூன்றாவது வயசு. மருந்துக்கும் மூப்பு உண்டு. துலோன் துறைமுகத்தில் 1907இல் இயெனா, 1911இல் லிபெர்த்தே என்று இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் எதிரியே இல்லாமல் வெடித்தன. கெட்டுப்போன மருந்து தானாகச் சூடேறியதுதான் காரணமென்று சொல்லப்பட்டது. ஆக, சலுகை விலை என்று மூட்டை மூட்டையாக வாங்கி வைக்காதே. டப்பாவைத் திறந்ததும் புளித்த காரநெடி அடித்தால் அதைத் தொடாதே.

இவ்வளவும் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் என் கண் முன்னால் நின்றது வேறு ஒரு ஆள்.

எண்பதுகளின் கடைசி. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நரிக்குறவர் ஒருவர், ஐம்பது வயசிருக்கும், தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பாசிமணி விற்கும் குடும்பம். அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி. கோப்பில் 'எஸ்பிஎம்எல்' என்று எழுதுவோம், வாய்வழி இடிக்கும் ஒற்றைக்குழல். தோப்புக்காரர்கள் காக்காய், வௌவால் விரட்டக் கூப்பிடுவார்களாம். உரிமம் புதுப்பிக்க வந்தார். புகைப்படம் பழசு என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பை ஓரமாக வைத்தேன். அடுத்த முறை படம் கொண்டுவந்தார், சல்லான் இல்லை. அதற்கடுத்த முறை நான் லீவு. இப்படியே மூன்று மாசம்.

மருந்தைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தவர் அவர்தான். ஒரு நாள் காத்திருந்த நேரத்தில் கேட்டேன். "கருமருந்துல ரெண்டு இருக்கு சாமி. பருமணி மெதுவா எரியும், அது குழலுக்கு. பொடி சுருக்குனு புடிக்கும், அதக் குழல்ல போட்டா ஆளக் கேக்கும்." அமெரிக்கக் கையேட்டின் முதல் அத்தியாயம் முழுவதும் இதுதான்.

உரிமப் புத்தகத்தில் புதுப்பித்த முத்திரை இல்லாமல் கடைக்காரர் கருமருந்து தரமாட்டார். அது சட்டம், அவர் மேல் தப்பில்லை. மாம்பழ சீசன் வந்துவிட்டது. தோப்புக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார். அவர் எங்கிருந்தோ மருந்து பிடித்தார். பட்டாசைப் பிரித்ததா, திரிசூலம் பக்கம் கல்குவாரிக்கு வந்ததா, கடைசிவரை சொல்லவில்லை. பட்டாசு மருந்தில் அலுமினியத் தூள் கலந்திருக்கும். அது தள்ளாது, பிளக்கும். துப்பாக்கி பிளந்தது.

நான்காம் மாசம் உரிமத்தை ஒப்படைக்க வந்தார். ஒப்படைப்புப் படிவத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். மைப்பெட்டியைத் திறந்து "இடது கையக் கொடுங்க" என்றேன், நிமிர்ந்து பார்க்காமலே. கையை நீட்டினார். குழலைத் தாங்கிப் பிடிக்கிற கை அதுதானே. பெருவிரலும் அடுத்த இரண்டும் இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. "இதுல எது வேணுமோ எடுத்துக்க சாமி" என்றார். வலது கை ரேகை வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'இடது பெருவிரல் இல்லாமையால்' என்று எழுதினேன். அன்றைக்கே கோப்பை முடித்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு நாள்கூடத் தாமதம் ஆகவில்லை.

என் கருத்து இதுதான், யாருக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கிற அரசாங்கம், சரியான மருந்து எங்கே, எவ்வளவு, யாரிடம் கிடைக்கும் என்பதையும் அதோடு சேர்த்து உறுதி செய்ய வேண்டும். முடியாதென்றால் துப்பாக்கியை நியாயமான விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக் கதவைச் சாத்தியது, 1991 திருத்தம் தாழ்ப்பாளும் போட்டது; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வேடந்தாங்கல் பறவைகள் நம் பெருமை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் கையில் துப்பாக்கியை மட்டும் விட்டுவைத்து, மருந்துக்கு அலைய விட்டோம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். புதுப்பிக்கும் மனு ரசீது கையில் இருந்தால் அதுவரை பழைய உரிமத்துக்கே மருந்து கொடுக்கலாம் என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். அந்த வரி இல்லாத குறையை என்னைப்போல ஒரு குமாஸ்தா ஒரு மத்தியானத்தில் வேலையை முடித்துச் சரிக்கட்டியிருக்கலாம். அதையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்துவிட்டு வீட்டில் தோட்டா நிரப்பக் கிளம்ப வேண்டாம். இங்கே ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும்கூடத் தோட்டா என்ற வரையறைக்குள்தான் வருகின்றன. தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். கிளப்பில் சுடும் .22 தோட்டாவோ விளிம்பில் கேப்பு உள்ளது. அதை வீட்டு மேசையில் மறுபடி நிரப்பும் பேச்சே இல்லை.

பேரனிடம் கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன்: "நிரப்பும்போது மேசை மேல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். இன்னொண்ணு அலமாரியில, பூட்டி. பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்டா." போன ஞாயிற்றுக்கிழமை அவன் மேசையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். தராசு, கையேடு, பித்தளைக் கூடுகள் வரிசையாக. டப்பா ஒன்றுதான்.